நடைபாதையில் விழுந்த புங்கங்காய்

“அக்கா, இது என்ன காய்னு உங்க நேயர்கள்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?”

குரல்பதிவோடு ஒரு படமும் வந்திருந்தது. அனுப்பியவர் தஞ்சோங் பகாரில் வேலை பார்க்கும் இளம் தாய். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அலுவலகம் திரும்பும் வழியில், நடைபாதையில் கிடந்ததைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்திருந்தார். பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, பாதாம்பருப்பைப் பெரிதாக்கியது போன்ற வடிவம், ஒரு முனையில் மட்டும் வளைந்த சின்ன மூக்கு.

நேயர்களைக் கேட்பதற்குள் அவரே அடுத்த பதிவையும் அனுப்பிவிட்டார். காரைக்குடியில் இருக்கும் அம்மாவுக்குக் காணொளி அழைப்பில் காயைக் காட்டியிருக்கிறார். “அடியே, இது புங்கங்காய்டி! இதுல எண்ணெய் எடுத்துத் தடவுனா புள்ளைக்கு அரிப்பு நின்னுடும்” என்று அம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் 6 வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் எக்ஸிமா. இரவெல்லாம் சொறிந்துகொண்டு தூங்காமல் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் இப்படி ஒரு நம்பிக்கை முளைத்தால் யார்தான் விடுவார்கள்?

கணவர் உடனே இணையத்தில் தேடினார். புங்க மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘இந்தியன் பீச்’ என்று பெயர் என்று தெரிந்தது. அடுத்து ‘பீச் மரத்தின் மருத்துவ குணங்கள்’ என்று தேடியிருக்கிறார். பட்டைக் கஷாயம் காய்ச்சலைத் தணிக்கும், மரத்தின் தார் தோல் நோய்க்கு நல்லது, கொட்டையை வறுத்துச் சாப்பிடலாம் என்று பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. இளம் தாயின் கடைசிக் கேள்வி இதுதான்: “அப்ப இந்தக் கொட்டையையும் சாப்பிடலாமாக்கா?”

சாப்பிடக் கூடாது. சமையல்கட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதை அன்றே அவருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் பெயர்க் குழப்பத்தால் இப்படி வழி தவறும் முதல் குடும்பம் அவர்களுடையது இல்லை.

பீச் வேறு, புங்கை வேறு

இணையத்தில் அவர் கணவர் படித்தது எல்லாம் பொய்யில்லை. அது வேறு மரத்தைப் பற்றியது, அவ்வளவுதான். பீச் என்பது ஐரோப்பா, ஜப்பான், வட அமெரிக்கா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் வளரும் ஓக் குடும்பத்து மரம். அங்கே பாட்டி வைத்தியத்தில் அதற்கும் இடம் உண்டு. பட்டையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள். விறகைச் சூடாக்கி வடித்த தாரைத் தோல் நோய்க்குப் பூசினார்கள். 1832இல் கார்ல் ரைக்கன்பாக் என்ற ஜெர்மானியர் அந்தத் தாரிலிருந்து கிரியோசோட் என்ற புகைநாற்றத் திரவத்தைப் பிரித்தெடுத்தார். இருமலுக்கும் புண்ணுக்கும் அது நெடுநாள் மருந்தாக இருந்தது. இங்குள்ள மருந்துக் கடைகளில் ‘செய்ரோகான்’ என்ற ஜப்பானிய வயிற்று மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க அடுப்புப் புகை வாடை வருமே, அது மரத்திலிருந்து எடுத்த கிரியோசோட்தான். பீச் கொட்டையைப் பஞ்ச காலத்தில் மக்கள் தின்றதும் உண்மை. உங்கள் பனியனில் ‘மோடல்’ என்று அச்சிட்டிருந்தால் அந்த இழையையும் பெரும்பாலும் பீச் மரக்கூழிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

புங்கை அவரைக் குடும்பத்து மரம். பூவை உற்றுப் பார்த்தால் அவரைப்பூவின் சாயல் தெரியும். பீச் மரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதைப் பற்றி வானொலியில் பேசினால் இன்னொரு தொல்லையும் உண்டு. ‘பீச் மரம்’ என்று சொன்னால் பாதிப் பேர் காதில் கடற்கரை மரம் என்றுதான் விழும். வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூரைப் பொறுத்தவரை அதுதான் சரி. புங்கை இங்கே கடற்கரை மரமேதான்.

ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டாலும் குழப்பம் தீராது. வடமொழியில் புங்கைக்குக் கரஞ்சம் என்று பெயர். இந்தியில் கரஞ்ச். ‘கரஞ்சா எண்ணெய்’ என்று இணையக் கடைகளில் விற்பது புங்கெண்ணெய்தான். ஆனால் ‘லதா கரஞ்சம்’ என்றால் அது கழற்சிக்காய். சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு போல இருக்கும், முள்கொடியில் காய்க்கும். சினைப்பை நீர்க்கட்டிக்கு நல்லது என்று காணொளிகளில் பரவிய பிறகு அந்தப் பொடிக்கு நம் இளம் பெண்களிடம் பெரிய கிராக்கி. கரஞ்சம் என்ற ஒரே சொல்லை நம்பி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புன்னை இன்னொரு குழப்பம். புங்கை, புன்னை என்று வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். இரண்டும் கடலோர மரங்கள், இரண்டின் விதையிலும் எண்ணெய் உண்டு, இரண்டும் சிங்கப்பூரில் இருக்கின்றன. பிரித்தறிய இலையைப் பாருங்கள். புன்னை இலை தடித்த ஒற்றை இலை. நடு நரம்பிலிருந்து மயிரிழை போன்ற கோடுகள் நெருக்கமாக ஓடும். காய் உருண்டை. புங்கை இலையில் ஒரு காம்பில் 5 அல்லது 7 சிற்றிலைகள், நுனியில் தனியாக ஒன்று. காய் தட்டை, மூக்கு வைத்தது.

விசா கேட்காத மரம்

புங்கையை நம் ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து நட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்தியாவும் இலங்கையும் தொடங்கி தென்கிழக்காசியா, வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை கடலோரங்களில் தானாகவே வளரும் மரம் இது. சிங்கப்பூருக்கும் சொந்த மரம். மலாயில் ‘மெம்பாரி’ என்பார்கள். சிங்களத்தில் ‘மகுல் கரந்த’, தெலுங்கில் ‘கானுக’, கன்னடத்தில் ‘ஹொங்கே’. தாவரவியலாளர்கள் வைத்த ‘பொங்கேமியா பினாட்டா’ என்ற பெயரில் முதல் பாதி தென்னிந்தியப் புங்கம்தான். லத்தீன் வேட்டி கட்டியிருக்கிறது, அவ்வளவே. இப்போது சில நூல்கள் ‘மில்லெட்டியா பினாட்டா’ என்றும் எழுதுகின்றன.

இவ்வளவு தூரம் பரவ அதற்குக் கைகொடுத்தது அந்தத் தட்டைக் காய். மரக்கட்டை போன்ற ஓடு வெடிக்காது. உள்ளே ஒன்று அல்லது இரண்டு விதை. உப்பு நீரில் நாள்கணக்கில் மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். உப்புக் காற்றையும் மணல் மண்ணையும் தாங்கும். வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் சத்தில்லாத நிலத்திலும் தழைக்கும். சாலையோர மரமாக நகரங்கள் இதைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுதான் காரணம்.

தஞ்சோங் பகார் இன்று கண்ணாடிக் கோபுரங்களின் பேட்டை. ஆனால் பெயரிலேயே கடல் இருக்கிறது. ‘தஞ்சோங்’ என்றால் நிலமுனை, ‘பகார்’ என்றால் வேலி. மீன் பிடிக்கக் கடலில் நட்ட கழிகளால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. வாள்மீன்கள் கரையைத் தாக்கியபோது வாழைத்தண்டுகளால் வேலி கட்டினார்கள் என்ற பழைய மலாய்க் கதையோடு இணைத்துச் சொல்வதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தெலுக் ஆயர் ஸ்திரீட் வரை அலை அடித்தது. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கியது. பிறகு கடல் மெல்ல மெல்ல மண்ணாலும் சிமெண்டாலும் தள்ளப்பட்டது.

துறைமுகத்தைச் சுற்றிக் குடியேறிய தமிழர்களில் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். மற்றவர்களைப் போல ஆண்கள் மட்டும் வராமல் குடும்பத்தோடு வந்தவர்கள் அவர்கள். ஆண்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் உழைக்க, பெண்கள் மசாலா இடித்து விற்றார்கள். அவர்கள் நடத்திய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை இயங்கியது. மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு அடிக்கடி போகிறவர்கள் அதன் முகவரியைக் கவனித்திருக்கிறீர்களா? எண் 1, கடையநல்லூர் ஸ்திரீட். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்குப் புங்கை புதிதாக இருந்திருக்காது. ஓடைக்கரை, குளத்தங்கரை என்று அங்கே நீர் இருக்கும் இடமெல்லாம் நிற்கும் மரம் அது.

ஊரில் அதற்கு எத்தனை வேலை

மருத்துவத்துக்கு வருமுன், புங்கை நம் வீடுகளில் எதற்கெல்லாம் பயன்பட்டது என்று பார்த்துவிடுவது நல்லது. மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

முதல் வேலை நிழல். வேம்புக்கு அடுத்து வீட்டு வாசலில் நட்டது இதைத்தான். பங்குனியில் இலை உதிர்த்து, வெயில் கொளுத்தத் தொடங்கும்போது தளதளவென்று புதுத்தளிர் விட்டுவிடும். கொழுந்து செம்பு நிறம், பிறகு பளபளக்கும் எலுமிச்சைப் பச்சை, முற்றினால் கரும்பச்சை. அதையடுத்து வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ. உதிர்ந்தால் தரையே தெரியாது. குறுந்தொகையில் ஒரு பாட்டு வீட்டு முற்றத்து வெண்மணலில் கொட்டிக் கிடக்கும் புன்கம் பூவை, வெறியாட்டுக் களத்தில் வேலன் சிதறிய நெற்பொரிக்கு ஒப்பிடுகிறது. புங்கைக்குச் சங்க காலத்தில் புன்கு என்று பெயர். வைத்தீஸ்வரன்கோவில் அருகே, நந்தனாருக்காக நந்தி விலகிய கதை சொல்லும் திருப்புன்கூரில் தல மரமும் புங்கைதான்.

இரண்டாவது வேலை உரம். நாற்று நடுமுன் சேற்றில் புங்கந்தழையைப் போட்டு மிதிப்பது காவிரிப் படுகையில் சாதாரணக் காட்சியாக இருந்தது. எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் புங்கம் பிண்ணாக்கும் வயலுக்குப் போகும். மாட்டுக்குப் போகாது. இதைக் கவனியுங்கள். கடலைப் பிண்ணாக்கைப் போல, எள்ளுப் பிண்ணாக்கைப் போல இதை யாரும் மாட்டுத் தொட்டியில் கரைத்ததில்லை. கசப்பு மட்டும் காரணமில்லை. உடம்புக்கு ஆகாது என்பது தெரிந்திருந்தது.

மற்றவையும் அப்படித்தான். தானியத்தில் பூச்சி வராமல் காய்ந்த புங்க இலையைப் போட்டு வைத்தார்கள். மாட்டுச் சொறிக்கு எண்ணெய் பூசினார்கள். விளக்கெரித்தார்கள், தோல் பதனிட்டார்கள், சோப்பு காய்ச்சினார்கள். வேரையும் பட்டையையும் இடித்து நீரில் கலக்கி மீனை மயங்க வைத்துப் பிடிக்கும் வழக்கமும் இருந்தது. பூச்சியைக் கொல்லும், மீனை மயக்கும், மாட்டுக்கு ஆகாது என்ற அறிவும் புங்கெண்ணெயைப் பிள்ளைக்குத் தடவச் சொன்ன பாட்டியிடம் கூடவே இருந்தது. நமக்கு வந்து சேர்ந்ததோ “தடவுனா அரிப்பு நிக்கும்” என்ற ஒரு வரி மட்டும்.

அண்மைக் காலத்தில் புங்கெண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் முயற்சிகள் இந்தியாவில் பெரிதாகப் பேசப்பட்டன. கர்நாடகத்தில் ஹொங்கே எண்ணெயால் மின்னாக்கி ஓட்டி ஊருக்கு நீர் இறைத்துக் காட்டினார்கள். அது தனிக் கதை. இங்கே வேண்டாம்.

மருந்தாகப் புங்கை

சித்த மருத்துவத்தில் புங்கின் வேர், பட்டை, இலை, பூ, விதை, எண்ணெய் எல்லாமே சரக்குதான். சொறி, சிரங்கு, படை, கரப்பான், ஆறாத புண் ஆகியவற்றுக்கு எண்ணெயும் அதைச் சேர்த்துக் காய்ச்சிய தைலங்களும் பூசப்படுகின்றன. மூட்டு வீக்கத்துக்கு இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பதும், இலை போட்டுக் கொதிக்கவைத்த நீரில் குளிப்பதும் வீட்டு வழக்கம். வேரின் சாறு பல்லுக்கும் ஈறுக்கும். பட்டை இரத்த மூலத்துக்கு. பூ மதுமேகத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு. விதைப்பொடியைக் கக்குவான் இருமலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காயைக் கயிற்றில் கோத்துப் பிள்ளை கழுத்தில் கட்டிவிடும் வழக்கமும் உண்டு. வயிற்றுக்குள் போகாதவரை அது பெரிய கெடுதல் செய்யாது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆயுர்வேதத்திலும் அதற்கு நல்ல மரியாதை. அரிப்பைத் தணிக்கும் 10 மூலிகைகள் என்று சரக சம்ஹிதை ஒரு தொகுப்பைத் தருகிறது. சந்தனம், வேம்பு ஆகியவற்றோடு அதில் இடம்பெறும் ‘நக்தமாலா’ புங்கைதான். ஆகவே காரைக்குடி அம்மா வெறும் வாயில் சொன்னது என்று யாரும் தள்ளிவிட முடியாது. அவர் சொன்னதற்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது.

ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது? விதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதில் கரஞ்சின், பொங்கமால் என்ற சேர்மங்கள் உள்ளன. கசப்பும் பூச்சிவிரட்டும் குணமும் இவற்றால் வருபவை. கிருமிகளையும் பூஞ்சைகளையும் இந்த எண்ணெய் ஓரளவு தடுப்பதையும், விலங்குகளில் வீக்கத்தைக் குறைப்பதையும் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. பொங்கமால் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் அழகுசாதன நிறுவனங்களும் அதன்மேல் கண் வைத்திருக்கின்றன. ‘இயற்கை சன்ஸ்கிரீன்’ என்று கரஞ்சா எண்ணெயைச் சிலர் விற்பது இதை வைத்துத்தான். பூமத்திய ரேகை வெயிலில் அதை மட்டும் நம்பி வெளியே போவது நல்லதில்லை.

இவற்றில் பெரும்பாலானவை கண்ணாடிக் குடுவையிலும் எலியிலும் நடந்தவை. மனிதர்களிடம் முறையாகச் சோதித்தவை மிகக் குறைவு. குடுவையில் கிருமி சாவதற்கும் 6 வயதுப் பிள்ளையின் வெடித்த தோலில் ஒன்று வேலை செய்வதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

மரபு மருத்துவத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. சித்த மருத்துவர் எந்தச் சரக்கையும் அப்படியே எடுத்துக் கொடுப்பதில்லை. சுத்தி செய்வார், வேறு சரக்குகளோடு சேர்ப்பார், அளவு குறிப்பார், நோயாளியின் வயதையும் உடல்வாகையும் பார்ப்பார், பத்தியம் சொல்வார். யூடியூபில் 3 நிமிடக் காணொளி இதையெல்லாம் தாண்டிக் குதித்துவிடுகிறது. மருந்தின் பெயர் மட்டும் பரவி, அதைக் கொடுக்கும் முறை பரவாமல் போனால் வருவது ஆபத்துதான்.

அந்த ஆபத்து நம் மக்களிடையே நடந்தும் இருக்கிறது. மலேசியாவில் பத்துக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள், சில்லறை நோய்களுக்கு வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட பிறகு வாந்தி, மயக்கம், மூளை பாதிப்பு ஆகியவற்றோடு மருத்துவமனைக்கு வந்ததை 1981இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். சில தேக்கரண்டி எண்ணெய்தான். புகட்டியவர்கள் பிள்ளையின் எதிரிகள் இல்லை, பெற்றவர்களும் பாட்டிகளும்தான். வேம்பு நாம் கும்பிடும் மரம். அதன் எண்ணெயே இப்படிச் செய்யுமானால், மீனை மயக்கும் புங்கைக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்? புங்க விதையையோ பதப்படுத்தாத எண்ணெயையோ விழுங்கினால் குமட்டலும் வாந்தியும் வரும். பிள்ளைகளுக்கு அது இன்னும் கடுமையாகும்.

அந்தத் தாய்க்குச் சொன்னவை

சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எக்ஸிமா இருக்கிறது. அதனால் இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு முடிவதில்லை. தோல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு அந்தத் தாய்க்கு நான் சொன்னவற்றை இங்கேயும் எழுதுகிறேன்.

எக்ஸிமாவில் தோலின் காப்புச் சுவர் பழுதாகியிருக்கும். அதனால் முதல் வேலை ஈரப்பதத்தைக் காப்பது. வாசனை இல்லாத களிம்பைக் குளித்த சில நிமிடங்களில் தாராளமாகத் தடவ வேண்டும். சிவந்து தடித்தால் மருத்துவர் தரும் மருந்து வேண்டும். பலதுறை மருந்தகத்தில் காட்டினால் தேவைப்பட்டால் தேசிய தோல் நிலையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். வெடித்த, கசியும் தோலில் புங்கெண்ணெய் மட்டுமல்ல, வேறெந்த நாட்டு எண்ணெயும் வேண்டாம். எரிச்சலும் ஒவ்வாமையும் சேர்ந்துகொண்டால், மூல நோய் எது, மருந்தால் வந்தது எது என்று பிரிக்கவே முடியாது.

பெரியவர்கள் தங்கள் தோலுக்குப் புங்கெண்ணெய் முயன்று பார்க்க விரும்பினால் தோலுக்கென்று தயாரித்ததா என்று புட்டியில் பாருங்கள். செடிக்குத் தெளிக்கவும் விளக்குக்கும் விற்கும் எண்ணெய் தோலுக்கானது இல்லை. முன்கையில் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுங்கள். நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புங்கம்பூப் பொடியை மருத்துவரிடம் சொல்லாமல் தொடவேண்டாம். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் புங்கையை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சீன மருத்துவர்கள் இங்கே சட்டப்படி பதிவு பெற்றே தொழில் செய்ய முடியும். சித்தம், ஆயுர்வேதத்துக்கு அப்படி ஒரு சட்டப் பதிவு இல்லை. இந்திய, மலாய் பாரம்பரிய மருந்துகளைக் கடைக்குக் கொண்டுவருமுன் சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொன்றாகச் சோதித்து அனுமதி தருவதும் இல்லை. ‘மூலிகைக் களிம்பு’ என்று விற்றதில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்ததை ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு மாயமாக மறைந்தால் சந்தோஷப்படுமுன் சந்தேகப்படுங்கள். வைத்தியரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தியாவில் முறையாகப் பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

காரைக்குடி அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அந்தப் பெண் தயங்கினார். நான் சொன்ன வழி: “அம்மா, உங்க காலத்துல இதை எந்த வயசுப் பிள்ளைக்கு, எப்படிக் காய்ச்சி, எத்தனை நாள் தடவினாங்க?” என்று கேளுங்கள். அவர் கேட்டிருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அது பெரியவங்க காலுல வர்ற சிரங்குக்குடி. வைத்தியர்தான் காய்ச்சித் தருவாரு” என்றாராம்.

மரத்தைப் பார்க்கப் போகலாம்

பறிக்க மட்டும் போகாதீர்கள். பூங்காக்களில் செடிகொடிகளைப் பறிப்பது சட்டப்படி குற்றம். கீழே கிடப்பதைப் பை நிறைய அள்ளிக்கொண்டு போவதற்கும் அனுமதி வேண்டும். தவிர, சாலையோர மரத்தில் வாகனப் புகையும் பூச்சிமருந்தும் படிந்திருக்கும். அதில் வைத்தியம் பார்ப்பது எந்தச் சாத்திரத்திலும் இல்லை.

பார்ப்பதற்குத் தடையில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2018இல் ‘ட்ரீஸ் டாட் எஸ்ஜி’ என்ற இணைய வரைபடத்தைத் தொடங்கியது. தீவின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அதில் இருக்கின்றன. அதில் பொங்கேமியா என்று தேடினால் உங்கள் புளோக்குக்கோ அலுவலகத்துக்கோ அருகில் எங்கே புங்கை நிற்கிறது என்று பார்க்கலாம். இங்கே நம் ஊரைப் போலச் சித்திரை வைகாசி என்று கணக்கு வைத்துப் பூப்பதில்லை. மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப முன்பின்னாக இருக்கும். மருந்துச் செடிகளைப் பெயர்ப் பலகையோடு பார்க்க விரும்பினால், பூமலையில் 2011இல் திறந்த மூலிகைத் தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். நட விரும்புகிறவர்களுக்கு 2020இல் தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் நடும் இயக்கம் இருக்கிறது. குடும்பமாகச் சேரலாம்.

மரத்தடியில் நின்று கொழுந்து இலைகளைப் பாருங்கள். ஓரமெல்லாம் கடித்துக் குதறிய மாதிரி இருந்தால் மரத்துக்கு நோய் என்று நகர மன்றத்துக்குப் புகார் எழுதிவிட வேண்டாம். இறக்கையில் வெள்ளைக் கோடு போட்ட ‘பாண்டட் ஆவ்ல்’ என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சி புங்கந்தளிரில்தான் முட்டையிடும். மாட்டுக்கும் நமக்கும் ஆகாத அந்தக் கசப்புத் தழைதான் அதன் புழுக்களுக்குத் தாய்ப்பால். பொழுது சாயும் நேரத்தில், அலுவலகம் முடிந்து நீங்கள் ரயிலுக்கு நடக்கும்போது, மரத்தைச் சுற்றிப் படபடவென்று வேகமாக ஏதோ பறந்தால் நின்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.